ஓடாத வண்டியின் பேட்டரி

நவ. 3, ஞாயிறு

ஏழு மணிக்கும் சூரியன் இல்லை. தீபாவளிப் புகை இன்னும் இறங்கவில்லை. தொண்டை கரகரப்பு.

பேட்டரி 12.4 வோல்ட். ஆறு மூடியையும் திறந்தேன். மூன்றாவது அறையில் தண்ணீர் கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டது. ஊசியில் டிஸ்டில்ட் வாட்டர் எடுத்து மேல்கோடு வரை விட்டேன். அதற்கு மேல் ஒரு சொட்டு கூடாது, சார்ஜில் பொங்கும். ஒன்பது மணிக்குச் சார்ஜர் மாட்டினேன். மூன்று மணி வரை.

வண்டி பேஸ்மெண்டில், பேட்டரி நாலாவது மாடி பால்கனியில், சாவி மனைவி கோமதியிடம். ஒரே வண்டி, மூன்று இடம். ஓட்டினால் தானாகச் சார்ஜ் ஆகும் சாமான் இது. ஓட்டாததற்கு வாராவாரம் நான் ஊட்டவேண்டியிருக்கிறது.

போன வருஷம் நவ. 30, ஆபீசில் ஃபைலும் கையுமாக விழுந்தேன். வலிப்பு. ஐம்பத்தோரு வயதில் முதல் தடவை. டாக்டர் சொன்னது இன்னும் காதில்: "ஏக் சால் காடீ பந்த். பீச் மேம் ஏக் பீ தௌரா ஆயா தோ கின்தீ பிர் ஷுரூ ஸே." ஒரு வருஷம் வண்டியைத் தொடக்கூடாது, நடுவில் ஒன்று வந்தாலும் கணக்கு முதலிலிருந்து. அன்றைக்கே கோ. சாவியை வாங்கி விபூதி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

மீதி 27 நாள்.

நேற்றிலிருந்து சஷ்டி விரதம். கோ. பாலும் பழமும். நான் ராத்திரி ஒரு டம்ளர் பால் மட்டும். முருகா, இந்த 27 நாளை ஒன்றும் ஆகாமல் கடத்திவிடு, வேறு எதுவும் கேட்கமாட்டேன். மாத்திரை காலை ஒன்று இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின். காலையில் சாப்பாடே கிடையாது, ஆகவே காலை மாத்திரையும் கிடையாது. ஆறு நாள்தானே. கோ.விடம் சொல்லவில்லை. சொன்னால் விரதமே வேண்டாம் என்பாள்.

நவ. 5, செவ்வாய்

பஸ்ஸுக்குக் காத்தது 35 நி., போனது 50 நி. வண்டியில் 25.

கோ. பஸ் ஸ்டாப் வரை கூட வந்தாள், தினசரி போல. பால் பூத்துக்கும் வருகிறாள். முடி வெட்டப் போனால் வெளியே நிற்கிறாள். சலூன்காரன் அவளை உள்ளே கூப்பிட்டான், "மேடம் அந்தர் ஆயியே நா?" மானம் போகிறது.

யாரிடமும் சொல்லமுடியாததை இங்கே எழுதுகிறேன். காலையில் 25 நி., மாலையில் 25 நி. ரிங் ரோடில் நான் தனியாக இருந்தேன். ஹெல்மெட்டுக்குள் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அது மட்டும் திரும்பக் கிடைத்தால் போதும்.

பசி. நாளை சி.எல். போடலாம்.

நவ. 6, புதன்

எழுதுவதா வேண்டாமா என்று இருந்தது. எழுதிவிடுகிறேன்.

கோ. ஒன்பது மணிக்கு மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போனாள். ஐந்தாம் நாள் அபிஷேகம். நான் பால்கனியில். டெர்மினலில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. வெந்நீரும் சோடாப்பூவும் விட்டுப் பழைய பிரஷால் தேய்த்தேன். மணி 10.10. பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. மூடி இரண்டைத் திறந்தேன்.

அப்புறம் கன்னத்தில் தரை. வாயில் ரத்தம். பேட்டரி பக்கவாட்டில் கிடக்கிறது. கடிகாரம் 10.40.

என் பெயர் என்ன என்று யோசித்துக் கண்டுபிடிக்கச் சிறிது நேரம் ஆயிற்று. உடம்பு முழுக்க அடித்துப்போட்ட வலி. நாக்கின் இடது ஓரம் கடிபட்டிருக்கிறது. கைலியில் ஆசிட் பட்டு ஓட்டை ஓட்டையாக. பேட்டரியை நிமிர்த்தினேன். தரையில் சோடாப்பூவைக் கொட்டினேன், நுரைத்தது. கழுவினேன். படுத்தேன்.

பன்னிரண்டு மணிக்குக் கோ. வந்தாள். கைலியைப் பார்த்தாள்.

"என்னாச்சு? ஐயோ, இது என்ன கோலம்!"

"பேட்டரி கை வழுக்கிருச்சு. ஆசிட்."

"அந்தச் சனியனைத் தூக்கிப் போடுங்கன்னா கேக்கீயளா? கண்ணுல பட்டிருந்தா?" முழங்கைச் சிராய்ப்பில் தேங்காய் எண்ணெய் தடவினாள். திட்டிக்கொண்டே தடவினாள். விபூதி பூசினாள். "இன்னும் இருவத்தி நாலே நாளு. முருகன் கைவிடமாட்டான், பாருங்க."

நான் சரி என்றேன்.

நவ. 7, வியாழன்

இங்கே சட் பூஜை லீவு. நமக்குச் சூரசம்ஹாரம். போனோம். கூட்டம். கோ. கண்ணை மூடி உதடு அசைய அசைய நின்றாள். எனக்குச் சாமியை நிமிர்ந்து பார்க்கமுடியவில்லை.

காலையில் மாத்திரை அட்டையை எடுத்தேன். ஐந்து மாத்திரை மிச்சம். 2, 3, 4, 5, 6. அறிவு கெட்டவன். எது வரக்கூடாதென்று விரதம் இருந்தேனோ, அதை விரதம் இருந்தே வரவழைத்திருக்கிறேன். இதை யாரிடம் போய்ச் சொல்ல? முருகன் மேல் பழி போடவும் வழியில்லை. மாத்திரையைச் சாப்பிடாதே என்று அவனா சொன்னான்?

ஐந்தையும் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விட்டேன். கோ. அட்டையை எண்ணுகிறவள்.

ஏன் சொல்லவில்லை:
1. விரதத்தால் வந்தது என்றால் அவள் உடைந்துபோவாள்.
2. மருந்து விட்டதால் வந்தது, நோயால் அல்ல. ஆகவே இது கணக்கில் சேராது.
3. யாரும் பார்க்கவில்லை.

எல்லாம் சால்ஜாப்பு. சொன்னால் இன்னொரு வருஷம். அவ்வளவுதான்.

நவ. 10, ஞாயிறு

வெள்ளிக்கிழமை திருக்கல்யாணச் சாப்பாடு. சாம்பார் நாக்குப் புண்ணில் பட்டுக் கண்ணில் தண்ணீர். பக்திக் கண்ணீர் என்று கோ. நினைத்துக்கொண்டாள். இருக்கட்டும்.

பேட்டரி 11.9. இரண்டு அறை பாதி காலி. தண்ணீர் வற்றினால் டிஸ்டில்ட் வாட்டர். கொட்டிப்போனது ஆசிட் என்றால் ஆசிட்தான் விடவேண்டும். கடையில் வாங்கி வந்தேன். கண்ணாடி, கையுறை. ஊற்றிவிட்டு அரை ஆம்பியரில் நாள் முழுக்கப் போட்டேன்.

லிஃப்டில் கீழ்வீட்டு வர்மாஜி ஆசிட் பாட்டிலை டிஸ்டில்ட் வாட்டர் என்று நினைத்துவிட்டார். "அரே சங்கர்ஜி, இத்னா கர்ச்சா க்யோம்? ஆர்.ஓ. கா பானீ டால் தோ!" வீண் செலவாம், ஆர்.ஓ. தண்ணீரே போதுமாம். இந்த ஊரில் அது எல்லாவற்றுக்கும் மருந்து. அதிலும் உப்பு இருக்கிறது, தகடு கெடும் என்றேன். சிரித்தார். மனிதர் தங்கம், பேட்டரி ஞானம்தான் பூஜ்யம்.

மாலை 12.6. பிழைத்துக்கொண்டது.

நவ. 18, திங்கள்

எதிர் டவர் தெரியவில்லை. காற்று மோசம், பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை. நானும். ஜன்னல்கள் இறுக்கி மூடல். ஒரு ஃபைல், மூன்று போன். கோ. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிறாள். காபி வேணுமா, வெந்நி வேணுமா. வேணாம் தாயே. மூச்சு முட்டுகிறது, புகையால் மட்டும் இல்லை.

பூனாவிலிருந்து பையன் போன். "அப்பா, பைக் பேச் தோ நா. மெட்ரோ இருக்குல்ல." விற்கச் சொல்கிறான். இவனுக்கு என்ன தெரியும்.

மத்தியானம் கோ. ஒரு பெரிய பையோடு வந்து நின்றாள். உள்ளே ஹெல்மெட். சிவப்பு.

"யாருக்கு?"

"எனக்குத்தான். டிசம்பர் ஒண்ணு ஞாயித்துக்கிழமை. நீங்க ஓட்டணும், நான் பின்னால உக்காந்து மலை மந்திர் போகணும். வேண்டிக்கிட்டிருக்கேன்."

"நீ வண்டியிலயே ஏற மாட்டியே. பயம்னு சொல்லுவ."

"இப்பவும் பயந்தான். அதனாலதான் வேண்டுதல். பயமில்லாததச் செய்யுததுக்குப் பேரு வேண்டுதலா?"

கண்ணாடி முன் மாட்டிப் பார்த்தாள். கொண்டை இடித்தது. பின்னலாகப் போட்டு மறுபடி மாட்டினாள். இந்த வருஷத்தில் அவள் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

நான் மட்டும் என்றால் ஓட்டியிருப்பேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், ஓட்டித்தான் இருப்பேன். அவளைப் பின்னால் வைத்துக்கொண்டு எப்படி?

நவ. 24, ஞாயிறு

12.7. ஆறு அறையும் சமம். டெர்மினலில் வாஸலின்.

இன்று சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை சமையலறை வாசல் வரை போனேன். முதல் தடவை அவள் அக்காவோடு போனில். இரண்டாம் தடவை குக்கர் விசில். மூன்றாம் தடவை எந்தத் தடையும் இல்லை. உப்பு இருக்கா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

நவ. 29, வெள்ளி

ஆஸ்பத்திரி. டோக்கன் 64. மூன்று மணி நேரம் பெஞ்சு.

டாக்டர் நிமிராமலே வலிப்பு வந்ததா என்று கேட்டார். "தௌரா? பூரே சால் மேம்?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் கோ.: "நஹீ ஜீ! ஏக் பீ நஹீ. மைம் ஸாத் மேம் ரஹ்தீ ஹூம், ஹர் தம்." ஒன்றுகூட வரவில்லை, எப்போதும் கூடவே இருக்கிறேன் என்கிறாள். முகத்தில் அவ்வளவு பெருமை. அவளுடைய பரீட்சை அது. ஒரு வருஷம் தூங்காமல் படித்துப் பாஸ் பண்ணியிருக்கிறாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்கே தெரியாது. எழுதிக் கொடுத்துவிட்டார். மாத்திரை தொடரவேண்டும், வண்டி மெதுவாக ஓட்டலாம்.

ஆட்டோவில் கோ. என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். இத்தனை வருஷ வாழ்க்கையில் தெருவில் கையைப் பிடித்தவள் அல்ல. கையை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

நவ. 30, சனி

மணி 2. கோ. ஐ.என்.ஏ. மார்க்கெட் போயிருக்கிறாள். தேங்காய், வெற்றிலை, கதம்பம். "ஜல்தி வந்திருவேன், பேட்டரியை இன்னைக்கே மாட்டி வச்சிருங்க."

கேவலமான யோசனை ஒன்று. யோசித்தபடியே செய்துவிட்டேன்.

பழைய ஹெட்லைட் பல்பு டிராயரில் இருந்தது. இரண்டு ஒயரை முறுக்கிப் பேட்டரியில் மாட்டினேன். பட்டப்பகலில் பால்கனியில் பல்பு எரிகிறது. என் வண்டியில் கிக் கிடையாது, செல்ஃப் மட்டும். பேட்டரி இல்லையேல் ஓட்டம் இல்லை. ஓட்டம் இல்லையேல் சொல்லவேண்டிய தேவையும் இல்லை. குறைந்தபட்சம் நாளைக்கு.

2.00: 12.7
3.00: 11.8
4.00: 11.1, வெளிச்சம் மஞ்சள்
4.40: 9.6, கம்பி மட்டும் சிவப்பாக

ஐம்பது ஞாயிறு பார்த்துப் பார்த்து வளர்த்தேன். இப்படித் தரைமட்டத்துக்கு இறக்கினால் தகடு செத்துப்போகும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன் நான். அழுதேன். எழுதிவிட்டேன், அடிக்கப்போவதில்லை.

கீழே போய் மாட்டினேன். பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் பிறகு. செத்ததற்கும் முறை என்று ஒன்று உண்டு.

டிச. 1, ஞாயிறு

வெயில். வாரக்கணக்கில் இல்லாத நீல வானம். அதுவும் சதி.

கோ. பட்டுப்புடவை, சிவப்பு ஹெல்மெட், மடியில் அர்ச்சனைப் பை. சாவியைக் கண்ணில் ஒற்றி என் கையில் கொடுத்தாள்.

அழுத்தினேன். டிக். மறுபடி. டிக்.

"பேட்டரி போயிருச்சு போலிருக்கு" என்றேன். நடிப்பு நன்றாகத்தான் வந்தது. "குளிர்ல இப்படித்தான். இன்னைக்கு ஆட்டோவுல போயிருவோம்."

அவள் முகம் விழுந்ததைப் பார்த்தேன். ஆனால் கோ. விடுகிற ஜாதியா? வர்மாஜி எதிர்ப் பார்க்கிங்கில் கார் துடைத்துக்கொண்டிருந்தார். "பாய் சாப்!" என்று ஒரே குரல். அவர் டிக்கியிலிருந்து ஜம்பர் ஒயரோடு ஓடிவந்தார். பேட்டரி ஞானம் பூஜ்யம் என்று எழுதினேன் அல்லவா? சிவப்பைச் சிவப்பில், கறுப்பைக் கறுப்பில், கச்சிதமாக மாட்டினார். "அப் மாரோ."

ஒரே தொடலில் ஸ்டார்ட். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சத்தம். நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது, பொய் சொல்லமாட்டேன்.

கோ. பின்னால் ஏறினாள். "முருகா" என்றாள். கை என் தோளில். இறுக்கிப் பிடித்தாள்.

கிளட்ச் பிடித்தேன். கியர் போடவில்லை. விட்டேன். மறுபடி பிடித்தேன்.

"போங்க" என்றாள்.

"கோமதி. போன மாசம் ஆறாந்தேதி வந்துச்சு."

"எது?"

"வலிப்பு. பால்கனியில. நீ கோயிலுக்குப் போயிருந்தப்ப. காலை மாத்திரையை விட்டுட்டேன், விரதம்னு. கை வழுக்கினதெல்லாம் இல்ல. விழுந்துட்டேன்."

திரும்பிப் பார்க்க முடியாது, ஹெல்மெட். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தோளில் இருந்த கை அப்படியே இருந்தது. வர்மாஜி ஒயரைச் சுருட்டியபடி எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாதது பெரிய உபகாரம்.

"டாக்டர்ட்ட இல்லைன்னு சொன்னேனே" என்றாள். "வாய் நிறையச் சொன்னேனே. பக்கத்துல உக்காந்திருந்தியளே."

ஆக்ஸிலேட்டரிலிருந்து கையை எடுத்தேன்.

"எவ்வளவு நேரம் கிடந்திய?"

"அரைமணி."

"தனியாவா?"

"ம்."

"வண்டியை அணைங்க."

அணைத்தேன். இறங்கினாள். சாவியை எடுத்துக்கொண்டாள். வர்மாஜி ஓடிவந்தார், "க்யா ஹுவா?"

"பெட்ரோல் நஹீ ஹை, பாய் சாப்" என்றாள் கோ. குரலில் ஒரு பிசிறு இல்லை.

"பேட்டரி பீ நஹீ, பெட்ரோல் பீ நஹீ!" அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆட்டோவில் கோயிலுக்குப் போனோம். அர்ச்சனைக்கு என் பெயரும் நட்சத்திரமும் சொன்னாள். வந்ததும் மறுபடி டாக்டருக்கு டோக்கன் போட்டாள்.

மாலை. தலைக்கு எண்ணெய் வைத்திருந்தேன், குளிக்கப் போனேன். குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. நாலு ஓட்டைதான் இருந்தது. கோ. வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், என் ஸ்க்ரூடிரைவர் கையில்.

"சத்தம் குடுத்துக்கிட்டே குளிங்க" என்றாள்.

"என்ன சத்தம்?"

"என்னமாவது. எனக்குக் கேக்கணும்."

எனக்குப் பாட்டு வராது. எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. சத்தமாக, தண்ணீருக்கு மேலே. நாற்பதில் சோப்பு நுரை வாயில் போய்விட்டது, நின்றேன்.

கதவுக்கு வெளியிலிருந்து உடனே, "நாப்பத்தொண்ணு?"