அம்மா விதைக்கும் முன்

நியாங்கோரே,
ஏப்ரல் 4

அன்புள்ள ஒபுராவுக்கு,

நானும் உன் அம்மாவும் உடலளவில் நலம். மினியாபொலிஸில் பனி இன்னும் விடவில்லை என்றாய். நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள். இதற்கு மேல் நலம் என்று எழுத எனக்கு உரிமை இல்லை, ஏனென்றால் இந்த வீடு இப்போது நலமாக இல்லை. தொலைபேசியில் பேசினால் கோபத்தில் ஏதேனும் பிசகிவிடும் என்று கடிதமாக எழுதுகிறேன். இதை இரண்டு முறை படி.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். மார்ச் ஒன்பதாம் தேதி உன் அம்மா தன் தங்கையின் இழவுக்கு ஏரிக்கரைக்குப் போனாள். பதினோராம் தேதி காலை, நீ ஏற்பாடு செய்தபடி உன் பெரியப்பா மகன் ஒங்கோரோ டிராக்டருடன் வந்தான். மாலைக்குள் உன் பங்கு நாலு ஏக்கரும் உழுது மக்காச்சோளம் விதைத்தாயிற்று. பன்னிரண்டாம் தேதி அவள் திரும்பி வந்து, தலையில் இருந்த மூட்டையைக்கூட இறக்காமல் வயல் ஓரத்தில் நின்றாள். அவளுடைய கேழ்வரகு விதைக்கதிர்கள் அடுப்புக்கு மேலே புகையில் தொங்கியபடியே இருந்தன, இன்றும் அப்படியேதான் தொங்குகின்றன. விதையை வீட்டுத் தலைவிதான் முதலில் வெளியே எடுப்பாள், அவள் கை மண்ணில் பட்ட பிறகே மகன்களின் விதை, அதன் பிறகே மருமகள்களின் விதை. இது உனக்குத் தெரியாது என்று சொல்லாதே. பத்து வயதில், அம்மாவுக்கு முன்னால் பூசணி விதையை ஊன்றிவிட்டு, பயந்துபோய் நீயே தோண்டி எடுத்தவன் நீ.

தெரிந்தும் செய்தாய் என்பதே என் குற்றச்சாட்டு. நான் கேட்டபோது, "அப்பா, மழை பன்னெண்டாம் தேதின்னு போன்ல காட்டுச்சு, அதான் முந்திக்கிட்டேன். இதையெல்லாம் இன்னுமா பாக்குறீங்க?" என்றாய். முறை தப்பி விதைத்தால் சாபம் பிடிக்கும் என்று ஊர் சொல்வதை நான் இங்கே வாதமாக வைக்கவில்லை. நீதிமன்றத்தில் இருபத்தொன்பது ஆண்டுகள் இருந்தேன், அதற்கு ஒரு சாட்சியத்தையும் கண்டதில்லை. ஆனால் இந்த வீட்டுக்கு யார் கை சோறு போடுகிறது என்பதை ஆண்டுக்கு ஒருமுறை எல்லாரும் அறியச் சொல்லும் நாள் அது ஒன்றுதான். அந்த நாளை அவளிடமிருந்து எடுத்து வாடகை டிராக்டருக்குக் கொடுத்தாய். கிணற்றடியில் பக்கத்து வீட்டு அடோங்கோ அவளைப் பார்த்து, "என்னக்கா, உங்க வீட்டுக்குப் புது எஜமானி வந்துட்டாளாமே, நாலு சக்கரத்துல?" என்று கேட்டிருக்கிறாள். உன் அம்மா, "ஆமாடி, ராத்திரிக்கு அவளே களி கிண்டுவா, வந்து சாப்பிட்டுட்டுப் போ" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு வந்தாளாம்.

விளைவைக் கேள். மகனின் விதைக்குப் பின்னால் என் விதை இறங்காது என்கிறாள் அவள். அவள் இறக்காமல் உன் தம்பி ஒடெரோவின் மனைவி அபோன்டி தன் பங்கில் கைவைக்க மாட்டாள். அபோன்டி மூன்று குழந்தைகளை வைத்துக்கொண்டு தினமும் காலையில் வந்து மாமியார் முகத்தைப் பார்த்துவிட்டு மண்வெட்டியோடு திரும்பிப் போகிறாள். குதிரில் இருக்கும் தானியம் ஆகஸ்ட் வரை வரும். கேழ்வரகு இம்மாத நடுவுக்குள் மண்ணுக்குள் போகாவிட்டால் கதிர் பிடிக்கும்போது மழை இருக்காது. உன் மக்காச்சோளம் இருக்கிறதே என்பாய். நீ ஏழாம் வகுப்பில் இருந்த ஆண்டு, பூ விட்ட மக்காச்சோளம் முழுவதும் கருகியபோது எதைத் தின்று பள்ளிக்குப் போனாய் என்று நீயே உன்னைக் கேட்டுக்கொள். மழை எவருக்கும் வாய்தா கொடுப்பதில்லை.

பரிகாரம் கடினமானதன்று. முந்தியவன் தன் கையால் முதல் வரிசை நாற்றைப் பிடுங்கி அம்மாவிடம் கொடுக்க வேண்டும், அந்த இடத்தில் அவள் விதைப்பாள், மீதி வரிசைகள் நிற்கலாம். ஒடெரோ தானே பிடுங்குவதாகச் சொன்னான். "தப்பு பண்ணின கை ஒண்ணு, பிடுங்குற கை ஒண்ணாடா? அவன் சார்பா நீ சாப்பிட்டா அவன் வயிறு ரொம்புமா?" என்று உன் அம்மா அவனை விரட்டிவிட்டாள். நீயோ, ஒங்கோரோ பிடுங்கட்டும், நான் வீடியோவில் பார்க்கிறேன் என்று செய்தி அனுப்பினாய். அதைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்தை இந்தத் தாளில் எழுத விரும்பவில்லை. குற்றவாளிக் கூண்டில் பதிலாளை நிறுத்த எந்தச் சட்டமும் அனுமதித்ததில்லை.

இன்னொன்றையும் நீ அறிய வேண்டும், மறைத்தால் இக்கடிதம் முழுமையாகாது. டிராக்டருக்கான ஒப்பந்தத் தாளை ஒங்கோரோ என்னிடம்தான் கொண்டு வந்தான். நான்தான் கையெழுத்திட்டேன். எல்லைக்கல், வண்டிப்பாதை, வேலி உடைந்தால் யார் பொறுப்பு எல்லாவற்றையும் சரிபார்த்தேன். உழுது விதைப்பது என்று தெளிவாகவே எழுதியிருந்தது. "வீட்டுத் தலைவி விதைத்த பின்னரே" என்ற ஒரு நிபந்தனையை மட்டும் நான் சேர்க்கவில்லை. அவள் வயிற்றில் பிறந்தவனுக்கு அதைக் கூடவா எழுதிக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். வண்டி வந்த அன்று நான் வட்டார அலுவலகத்தில் இருந்தேன் என்பது காரணம், நியாயம் ஆகாது. மூன்று வாரம் இதை வாய்க்குள்ளேயே வைத்திருந்துவிட்டு நேற்றுத்தான் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "அந்தத் தாளை அன்னைக்கே ஒங்கோரோ காட்டிட்டான். நீங்களா எப்போ சொல்லுவீங்கன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள். பிறகு, "அப்ப ரெண்டு பேரும் சேந்தே பிடுங்குங்க" என்றாள். நான் தனியாக இறங்கலாமா என்று கேட்டேன். முடியாது என்று தலையை ஆட்டினாள்.

ஆகவே ஏப்ரல் பதினான்குக்குள் நீ கிசுமு விமான நிலையத்தில் வந்து இறங்க வேண்டும். ஒடெரோ வந்து அழைத்து வருவான். அவளுக்குத் துணிமணி, சாக்லேட் எதுவும் வாங்கி வராதே, இப்போது அதை லஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்வாள். பழைய கால்சட்டை ஒன்று எடுத்து வா, மண் ஈரமாக இருக்கிறது.

உன் கை தொட்டது முளைக்கட்டும், உன் தட்டு ஒருநாளும் காலியாகாதிருக்கட்டும். முதல் வரிசை உன்னுடையது. அடுத்த வரிசை என்னுடையது. எனக்கு இடுப்பு வளையாது, மெதுவாகத்தான் வருவேன். நீ முந்திப் போகாதே.

உன் தந்தை,
மத்தியாஸ் ஒந்தியெக்