இரண்டு குடும்பத்துக்கு ஓர் அடுப்பு

பிப்ரவரி 11, ஞாயிறு

இன்றைக்கும் மிச்சம். சோறு அப்படியே இருக்கிறது, கோழிக்கறி அப்படியே இருக்கிறது. பருப்பில் மட்டும் விரல் நனைத்த அடையாளம். "பசிக்கல" என்றாள் மெத்துலி. கூடவே, "பரவாயில்ல, நீங்க சிரமப்படாதீங்க" என்று வேறு. விருந்துக்கு வந்த மாமியா இவள்? ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பெற்றவளிடம் இவ்வளவு மரியாதை எதற்கு?

நாலு வயதில் இவளை இலங்கையில், குருநாகலில் என் தங்கை துஷாரியிடம் விட்டுவிட்டு இத்தாலிக்கு, இந்த நேப்பிள்ஸுக்கு வந்தேன். அலைந்து திரிந்து விசா வாங்கி, போன நவம்பரில்தான் இவளை வரவழைத்தோம். பிள்ளை வந்ததும் முதல் நாள் என்ன, இரண்டாம் நாள் என்ன என்று மனதுக்குள்ளேயே எத்தனை வருஷம் சமைத்துப் பார்த்திருப்பேன். இப்போது நிஜமாகவே சமைக்கிறேன். குப்பைக்கூடைதான் சாப்பிடுகிறது.

பிப்ரவரி 13

புளிப்புக்குக் கொறுக்காய் போட்டு மீன் வைத்தேன். இரண்டு வாய். பசிக்கலயாம்.

பிப்ரவரி 20, செவ்வாய்

நான் பார்த்துக்கொள்ளும் கிழவி, சிஞ்ஞோரா அசுந்தா, இன்று என் கையால் செய்த பாஸ்தாவைத் தின்றுவிட்டுத் தட்டை ரொட்டியால் துடைத்துத் துடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். நாற்பது வருஷம் தன் மருமகளைக் குறை சொன்ன வாய் அது. "உன் கைக்கு முத்தம் குடுக்கணும்" என்றாள். எனக்கு அழுகை வந்தது. பாராட்டியதற்காக இல்லை. எரிச்சலில்.

வீட்டுக்கு வந்தால் அதைவிட எரிச்சல். இந்த வீடு குசும் அக்கா பேரில் வாடகைக்கு எடுத்தது. எங்களுக்கு ஓர் அறை. சமையலறை பொது. ஏழு மணி வரை அடுப்பு அவளுடையது, அதற்குப் பிறகு என்னுடையது. நான் படியேறி வரும்போது சமையலறை மேசையில் குசும் அக்கா உட்கார்ந்து போனில் ஏதோ நாடகம் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த என் பிள்ளைக்கு உருண்டை உருட்டி ஊட்டிக்கொண்டிருந்தாள். மெத்துலி விழுங்கிக்கொண்டிருந்தாள். ஆமாம், விழுங்கிக்கொண்டிருந்தாள்!

என்னைப் பார்த்ததும் குசும் அக்கா சொன்னது: "பிள்ளை வயித்துக்குத் தெரியும்டி இனோகா, யாரு கை ருசின்னு."

சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய? வீடு அவள் பேரில்.

மார்ச் 3, ஞாயிறு

குசும் அக்கா பருப்பை எப்படி வைக்கிறாள் என்று பக்கத்தில் நின்று பார்த்தேன். அதே மைசூர்ப் பருப்பு, அதே டப்பாத் தேங்காய்ப்பால், வாசத்துக்கு அதே ரம்பை இலை. நானும் அதையேதான் போடுகிறேன். துஷாரிக்கு போன் போட்டு அவள் எப்படி வைப்பாள் என்று கேட்டேன். "நீ சொல்லிக் குடுத்ததுதானேக்கா" என்றாள். பிறகு என்னதான் பிரச்சினை? பருப்பு பருப்புதானே?

இன்று ஊட்டிப் பார்த்தேன். எதிரில் உட்கார்ந்து, கெஞ்சி, கதை சொல்லி, கடைசியில் அதட்டி. வாயைத் திறந்தாள், வாங்கினாள், கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டாள். நானும் விடவில்லை. முழுங்கு, முழுங்கு என்று அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முழுங்கினாள். சத்தமே இல்லாமல் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது.

நானெல்லாம் ஒரு தாய்!

மார்ச் 19, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் என் வீட்டுக்காரர் ரோஹிதவைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள். பிள்ளை சோர்ந்து சோர்ந்து மேசையில் தலையைச் சாய்க்கிறாளாம். வீட்டில் சாப்பிட ஏதாவது கொடுக்கிறீர்களா என்று கேட்டார்களாம். கேட்பார்களா மாட்டார்களா?

ரோஹித கத்தவில்லை. அவருக்குக் கத்தத் தெரியாது. மார்க்கெட்டில் மூட்டை தூக்கிவிட்டு வந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "பிள்ளை வாடிப்போறா. ஜூன்ல பள்ளிக்கூடம் முடிஞ்சதும் துஷாரிகிட்டயே அனுப்பிடலாம். அங்கயாவது சாப்பிடுவா."

கத்தியது நான்தான். ஐந்து வருஷம் காத்திருந்தது இதற்கா? அடுத்தவன் வீட்டுக் கிழவிக்கு ஊட்டி, துடைத்து, குளிப்பாட்டி நான் பட்ட பாடு இதற்கா? இந்த முறை போனால் அவள் திரும்பி வரவே மாட்டாள். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் போய்ப் படுத்துக்கொண்டார். பதில் சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் கத்தியிருப்பேன்.

ஏப்ரல் 2

அனுப்ப மாட்டேன். சாப்பிட வைத்துக் காட்டுகிறேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

சித்திரை வருஷப் பிறப்பு வருகிறது. கூடவே சண்டையும் வந்துவிட்டது.

சுப நேரங்களெல்லாம் இலங்கைப் பஞ்சாங்கப்படிதான். புண்ணிய காலம் தொடங்குமுன் அடுப்பை அணைத்துவிட வேண்டும். அடுப்பு மூட்டும் சுப நேரம் வரும் வரை பற்றவைக்கவும் கூடாது, வாயில் ஒரு பருக்கை போடவும் கூடாது. அதில் யாருக்கும் தகராறு இல்லை. தகராறு கடிகாரத்தில்தான். ஊரில் அடுப்பு எரியும் அதே நொடியில் இங்கேயும் எரிய வேண்டும் என்கிறாள் குசும் அக்கா. அதாவது இங்கே மூன்றரை மணி நேரம் முன்னாடி. ரோஹித ஒத்துக்கொள்ளவில்லை. நாம் எந்த ஊர்ச் சூரியனுக்குக் கீழே இருக்கிறோமோ அந்த ஊர்க் கடிகாரம்தான் என்கிறார். மூட்டை தூக்கும்போது வாயே திறக்காத மனுஷன், நல்ல நேரம் என்று வந்துவிட்டால் வக்கீல் ஆகிவிடுவார்.

இரண்டு குடும்பம், இரண்டு கணக்கு, ஒரே அடுப்பு. யாருடைய நேரத்துக்கு மூட்டுவது? அதைவிட முக்கியம், யார் மூட்டுவது? வீட்டுக்காரிதான் மூட்ட வேண்டும். இந்த வீட்டில் வீட்டுக்காரி யார்?

கடைசியில் குசும் அக்காவின் வீட்டுக்காரர் விமல் அண்ணன் பஞ்சாயத்து பண்ணினார். "அணைக்கிறது குசும் கணக்கு, மூட்டறது இனோகா கணக்கு. ரெண்டு பேரு சாமியும் கோவிச்சுக்காது. இதுக்கு மேல பேசினா நான் பார்ல போய் உக்காந்துக்குவேன்."

ஆக, விடியுமுன்னே அணைந்த அடுப்பு மதியம் இரண்டு வரைக்கும் எரியாது. பரவாயில்லை. மூட்டப்போவது நான். புதுச் சட்டியில் பால் பொங்கி, என் கையால் பாற்சோறு கிண்டி, முதல் வாய் மெத்துலிக்குக் கொடுப்பேன். நல்ல நேரத்தில் கொடுத்தால் இறங்காமலா போகும்?

ஏப்ரல் 13, சனி

நாள் முழுக்கப் பலகாரம். மாவில் முக்கிப் பொரிக்கிற கொக்கிஸ் அச்சு குசும் அக்காவுடையது, அதனால் எண்ணெயும் அவள் சொன்ன சூட்டில்தான் காய வேண்டும். என் பணியாரம் கறுத்துவிட்டதாம். அடுக்கும்போது என்னுடையதை அடியில் போட்டு, தன்னுடையதை மேலே வைத்துத் தட்டை அலங்கரித்தாள். பார்த்துக்கொண்டு நின்றேன்.

மெத்துலி சாயங்காலம் ஒரு வாழைப்பழம் தின்றாள். அவ்வளவுதான். குசும் அக்கா அடுப்பை அணைத்து, தேய்த்துக் கழுவி, மேலே வெள்ளைத் துணி போர்த்திவிட்டுப் படுக்கப் போனாள்.

ஏப்ரல் 14, ஞாயிறு

எழுதித் தீர்த்துவிடுகிறேன்.

காலையில் எல்லோரும் விகாரைக்குக் கிளம்பினார்கள். சட்டி, பால், அரிசி எல்லாம் எடுத்து வைக்க வேண்டும் என்று நான் இருந்துவிட்டேன். தலைவலி என்று மெத்துலியும் இருந்துவிட்டாள். நல்லதாகப் போச்சு, தூங்கட்டும் என்று நினைத்தேன். பன்னிரண்டு மணி வாக்கில் சமையலறைக்குப் போனால், தரையில், அடுப்புக்கு எதிரே, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உதடெல்லாம் வெளுத்துப்போய்.

"என்னடி?"

"பசிக்குது."

இந்த வீட்டுக்கு வந்து அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. எத்தனை மாதமாக அதற்குத் தவம் கிடந்தேன்! சொல்வதற்கு அவளுக்கு வேறு நாள் கிடைக்கவில்லையா? வருஷத்தில் ஒரே ஒரு நாள், ஒரு பருக்கை வாயில் போடக் கூடாத நேரம், அதைப் பார்த்தா பிள்ளைக்குப் பசிக்க வேண்டும்?

இன்னும் ரெண்டு மணி நேரம் பொறுத்துக்கோ என்று சொல்ல வாயெடுத்தேன். பலகாரத் தட்டைப் பார்த்தேன். அதைத் தொட்டால் குசும் அக்காவுக்குத் தெரிந்துவிடும், ஒரு கொக்கிஸ் நகர்ந்தாலும் கண்டுபிடிப்பாள். அடுப்பைப் பார்த்தேன். புண்ணிய காலத்தில் தீ மூட்டினால் குடும்பத்துக்கு என்ன வரும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். வருஷம் முழுக்கத் தரித்திரம், நோய், பிரிவு. பிரிவு தானே? அது எப்படியும் ஜூனில் வரப்போகிறது.

துணியை இழுத்துப் போட்டேன். பற்றவைத்தேன். முந்தின நாள் சோறு கொஞ்சம் இருந்தது, அதில் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி, உப்பும் மிளகும் போட்டுப் புரட்டி அவள் முன்னால் வைத்தேன். வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். குசும் அக்கா எந்த நிமிஷமும் வரலாம். கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து, கீழே லிஃப்ட் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு, பிள்ளைக்கு முதுகைக் காட்டியபடி நின்றேன். பின்னால் கரண்டி சத்தம் கேட்டது.

சத்தம் நின்றதும் திரும்பினேன். தட்டு காலி.

"இன்னொண்ணு கெடைக்குமா?" என்றாள்.

மறுபடி மூட்டினேன். பாவம் செய்வதென்று ஆன பிறகு ஒன்றென்ன, இரண்டென்ன? மறுபடி வாசலில் நின்றேன். மறுபடி தட்டு காலி. அப்புறம்தான் கேட்டேன். "ஏண்டி, இத்தனை நாளா எதுவுமே எறங்காதுன்னியே, இன்னிக்கு மட்டும் எப்படி எறங்குச்சு?"

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க எப்பவும் பாத்துட்டே இருப்பீங்க. நான் முழுங்கறனான்னு பாப்பீங்க. தொண்டை அடைச்சுக்கும். இன்னிக்கு நீங்க பாக்கல."

சுருக்கென்று இருந்தது. பெற்றவள் பார்க்காமல் வேறு யார் பார்ப்பார்கள் என்று கோபமும் வந்தது. ஐந்து வருஷம் போன் திரையில் பார்த்த முகம், நேரில் கிடைத்தால் பார்க்கத்தானே செய்வேன்? தட்டைக் கழுவினேன், ஜன்னலைத் திறந்தேன், துணியைப் பழையபடி போர்த்தினேன்.

குசும் அக்கா உள்ளே வந்ததும் முதலில் மூக்கைத்தான் தூக்கினாள். "முட்டை வாசம் வருதே?"

மெத்துலிதான் சொன்னாள், கண் இமைக்காமல். "மேல் வீட்ல பொரிக்கறாங்க. எங்களுக்கும் ரொம்ப நேரமா வாசம் வந்துட்டே இருக்கு. பசில கஷ்டமா இருந்துச்சு." குசும் அக்கா அவள் தலையைத் தடவி, பொறுமைசாலிப் பிள்ளை என்றாள்.

இரண்டு மணிக்கு எல்லோர் முன்னாலும் முதல் தடவை மூட்டுகிற மாதிரி மூட்டினேன். பால் கிழக்கே பார்த்து அழகாகப் பொங்கி வழிந்தது. "பாத்தியா, சுத்தபத்தமா இருந்தா இப்படித்தான் பொங்கும்" என்றாள் குசும் அக்கா. மெத்துலி சட்டென்று குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. எனக்கு அவளைப் பார்க்கத் துணிவில்லை. பார்த்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

ஏப்ரல் 15

பயமாகத்தான் இருக்கிறது. ரோஹித விரலை வெட்டிக்கொண்டு வந்தால்கூட என்னால்தான் என்று தோன்றும். யாரிடம் சொல்ல? ஒரே ஒருத்திக்குத் தெரியும், அவளுக்கு ஒன்பது வயது.

மே 5, ஞாயிறு

இப்போது தட்டை வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறேன். பாத்திரம் கழுவுகிறேன். கழுவ ஒன்றும் இல்லாவிட்டால் கழுவினதையே கழுவுகிறேன். சுலபம் என்று யாராவது சொன்னால் அடிப்பேன். கழுத்து தானாகத் திரும்பப் பார்க்கிறது. என் வீட்டில், என் பிள்ளையை நான் பார்க்கக் கூடாதாம். இதென்ன தண்டனை?

சில நாள் சாப்பிடுகிறாள், சில நாள் பாதி. நேற்று முக்கால்வாசி மிச்சம். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குளியலறைக்குப் போய்த் துண்டை வாயில் வைத்துக்கொண்டு கத்தினேன்.

ஜூன் 9, ஞாயிறு

பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. காலையிலிருந்து வீட்டில் ஒரே சத்தம்.

மத்தியானம் பருப்பு, பூசணிக்காய், கருவாடு. அதிகாலையிலேயே எழுந்து செய்தது. மகாராணி ஒரு வாய் வைத்தாள். "உப்பு இல்ல."

"இருக்கு" என்றேன், திரும்பாமல்.

"இல்ல. நீயே வாயில வெச்சுப் பாரு. தினமும் பருப்பா? உனக்கு வேற எதுவும் வைக்கத் தெரியாதா?"

திரும்பிவிட்டேன். கரண்டியை மேசையில் போட்டேன். "நீ வந்து சமைச்சுப் பாரு, அப்பத் தெரியும். வேலைக்கும் போயிட்டு, இங்கயும் வந்து வெந்து சாகறேன், உனக்கு வாய் வேற!" அவளும் விடவில்லை. இவ்வளவு குரல் இவளுக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. குசும் அக்கா தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, கீழ் வீட்டுக்காரன் சண்டைக்கு வரப்போகிறான், மெதுவாகக் கத்துங்கள் என்றாள்.

அந்த நேரம் பார்த்து ரோஹித போனைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார். கொழும்பு டிக்கெட் விலை ஏறுகிறதாம், போடுவதானால் இன்றைக்கே போட வேண்டுமாம்.

"யாருக்கு டிக்கெட்?" என்றேன். "இங்க நான் இவளோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன், இப்ப வந்து டிக்கெட்டுங்கறீங்க. வேற வேலை இல்லையா உங்களுக்கு?"

அவர் மெத்துலியைப் பார்த்தார். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே, நான் திட்டத் திட்ட, எழுந்து போய்ச் சட்டியிலிருந்து இரண்டாவது கரண்டி பருப்பைத் தன் தட்டில் ஊற்றி, மேலே உப்பைத் தூவிக்கொண்டிருந்தாள். அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, எனக்கும் ஒரு தட்டு வை என்றார்.

நாளைக்கு வாழையிலையில் கட்டிய பொதிச்சோறு வேண்டுமாம் அவளுக்கு. காகிதத்தில் கட்டினால் தொட மாட்டாளாம். நேப்பிள்ஸில் வாழையிலைக்கு நான் எங்கே போவேன்?