நாலு குழாயிலும் சீமெந்து

காருக்குக் கிட்ட என்னை அண்டவிடாத என் ஆசை அப்பாவுக்கு,

நேற்று உங்கள் சிவப்புக் காரைக் கழற்றினோம். ஏசாதேங்கோ. நீங்கள் போய் ஒரு வருடமாகிறது. கொழும்பிலிருந்து ஒருவர் விலைக்குக் கேட்டார். இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார், இனி எங்களுக்கு எதற்கு? இங்கே பக்கத்துத் திருநெல்வேலியில் வாகனம் திருத்தும் கராச் வைத்திருக்கும் குகன் அண்ணையைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டேன்.

எஞ்சின் செத்துவிட்டது என்றுதானே எனக்குச் சொல்லி வைத்திருந்தீர்கள்? அவர் கையால் சுற்றினார். அது சுற்றியது.

"உது சாகேல்லைத் தங்கச்சி. புகை போற வழியிலைதான் ஏதோ பிழை," என்றார்.

எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் அந்த நாலு வளைந்த குழாய்களையும் கழற்றத் தொடங்கினார். நட்டுகள் இறுகிப்போயிருந்தன. எண்ணெய் ஊறவைத்து, நெருப்புக் காட்டி, தட்டித் தட்டி எடுத்தார். ஒன்று முறிந்தும் போனது. காலையில் தொடங்கிய வேலை, குழாய்கள் கையோடு வரும்போது பின்னேரமாகிவிட்டது.

நாலு வாயிலும் சீமெந்து. துரு இல்லை, குளவிக்கூடு இல்லை அப்பா, சீமெந்து.

"வேணுமெண்டுதான் அடைச்சிருக்கு," என்றார் குகன் அண்ணை. "அந்தச் சண்டை நேரம் ஓடுற வாகனமெண்டால் ஆயுதத்தோடை வந்து கேட்டுக் கொண்டுபோவினம். ஓடாதெண்டு காட்டக் கன பேர் இப்பிடி ஏதாவது செய்து வைச்சவை."

ஷெல் விழுந்துகொண்டிருந்த அந்த மத்தியானம் நினைவிருக்கிறதா? அம்மாவுக்குப் பிள்ளைப்பேற்றுக் குத்து. எங்கள் கொழும்புத்துறை ஒழுங்கை முழுவதும் ஒரு வாகனம் இல்லை. "காரை ஒருக்கால் எடுத்துப் பாருங்கோவன் அப்பா," என்று நான் அழுதேன். "அது செத்த எஞ்சின் பிள்ளை," என்றீர்கள். அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, பெரியாஸ்பத்திரிவரை தள்ளிக்கொண்டு போனீர்கள். தம்பி வழியிலேயே பிறந்தான். அழவில்லை.

இந்த இரும்புக்காகவா அப்பா? குழாய்களைப் பார்த்தபடி உங்களை வாய்க்கு வந்தபடி ஏசினேன். செத்துப்போன மனிதன் என்றும் பார்க்கவில்லை. குகன் அண்ணைதான் மறித்தார்.

"ஆறுதலாய் யோசி தங்கச்சி. அண்டைக்கு நட்டு இறுகாமல் இருந்திருந்தாலும், கழட்டிச் சீமெந்து உடைக்க அரை நாள் வேணும். குத்தெடுத்த பிறகு அந்த மனுசன் என்ன செய்யிறது?"

அது சரிதான். ஆனாலும் ஆறவில்லை. அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறும்போதே, சுவரைப் பிடித்துப் பிடித்து அவ கார் நின்ற கொட்டிலுக்கு வந்துவிட்டா. குழாய்களைக் கண்டா. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"சீமெந்து குழைச்சுக் குடுத்தது நான்தான்," என்றா. "விரலாலை அமத்திவிட்டதும் நான்தான். கொப்பருக்கு விருப்பமில்லை. பிள்ளை வயித்திலை கிடக்கு, அவசரத்துக்கு வேணுமெண்டு சொன்னவர். அதுக்கு இன்னும் நாள் கிடக்கெண்டு நான்தான் நிண்டு பிடிச்சனான்."

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ பள்ளிக்கூடத்திலை போய்ச் சொல்லிப்போடுவாய்."

"பிறகு? நீங்களும் அப்பாவும் அதைப்பற்றிக் கதைக்கவே இல்லையா?"

"இல்லை. அவர் ஒரு நாளும் என்னைக் குத்திக் காட்டேல்லை. நானும் வாய் திறக்கேல்லை."

ஒரே பாயில் படுத்து, ஒரே கோப்பையில் சோறு சாப்பிட்டு, இத்தனை வருடம் எப்படி அப்பா இருந்தீர்கள்? செத்த எஞ்சின் என்று என்னிடம் சொன்ன பொய்யைக் கடைசிவரை காப்பாற்றியது அம்மாவுக்காகவா? கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. யார்மேல் வைப்பதென்றுதான் தெரியவில்லை.

காரை விற்கவில்லை. கொழும்புக்காரருக்குச் சொல்லிவிட்டேன். குகன் அண்ணை வேறு குழாய் தேடுகிறார். எஞ்சின் ஓடத் தொடங்கியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, அம்மாவைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு சேமக்காலையில் உங்கள் கல்லறைக்கு வருவேன். அம்மாவை உங்களடியில் விட்டுவிட்டு நான் தம்பியடிக்குப் போய்விடுவேன். இனியாவது இரண்டு பேரும் கதையுங்கள்.

உங்கள் மகளும் அவனுடைய அக்காவுமான,
றஜனி