பென்டிரைவ் போட்டால்தான் திறக்கிறது

கஞ்சிக்கோடு
12 ஜனவரி 2025

அன்புள்ள ஷிஜிக்கு,

இங்கே சுகம். மலையில் குளிர் கடுமை என்றார்கள். கம்பளி போட்டுக்கொள்கிறாயா?

லேப்டாப் கறுப்புத் திரையோடு நிற்கிறது என்று நேற்று போனில் சொன்னாய். அதோடு விட்டிருக்கலாம். "சந்தீப் சார் பாத்துத் தாரேன்னாரு" என்றும் சொன்னாய். அதனால்தான் போனை வைத்தேன். பேசினால் கத்திவிடுவேன், எழுதுகிறேன்.

கல்யாணப் பரிசாக அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுத் தந்தவன் நான். அவர் உங்கள் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் வாத்தியாராகவே இருக்கட்டும், அவர் கை அதில் படவேண்டாம். எதைப் பேசினாலும் சந்தீப் சாரில் வந்து முடிக்கிறாய். எனக்கு வயிறு எரிகிறது.

உள்ளே எதுவும் அழியவில்லை. லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் சின்ன நிரல்தான் கெட்டிருக்கிறது. இத்துடன் உள்ள பென்டிரைவைச் செருகித் தொடங்கி, இந்தக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருப்பதை அப்படியே தட்டு. கடைசியில் வரும் 'எஸ்டிஏ' உன் லேப்டாப்புக்குள் இருக்கும் டிஸ்கின் பெயர். அதில்தான் நிரல் போய் உட்காரும்.

ஏப்ரலில் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாய் அல்லவா? வீடு பார்த்துவிட்டேன்.

உன் ஜோபி


பள்ளிவாசல்
20 ஜனவரி

அன்புள்ள அத்தானுக்கு,

வயிறு எரிந்தால் மோர் குடியுங்கள். சந்தீப் சார் எல்லா டீச்சருக்கும்தான் பார்த்துத் தருகிறார். ஆனாலும் உங்களுக்காக அவரிடம் கொடுக்கவில்லை. நானே தட்டினேன், திறந்துவிட்டது. பத்தாம் வகுப்புப் பாடமெல்லாம் பத்திரமாக இருக்கிறது. அழுகையே வந்துவிட்டது.

ஒன்றுதான் புரியவில்லை. பென்டிரைவ் போட்டால்தான் திறக்கிறது. எடுத்துவிட்டால் பழைய கறுப்புத் திரை. ஏன் அத்தான்?

ஏப்ரலில் வருகிறேன். ஹெச்.எம்.மிடம் சொல்லத்தான் மனசு கனக்கிறது.

ஜெபத்துடன்,
ஷிஜி


கஞ்சிக்கோடு
27 ஜனவரி

அன்புள்ள ஷிஜிக்கு,

சமத்து. அது அப்படித்தான் இருக்கும், கடிதத்தில் சொன்னால் உனக்கு விளங்காது. ஈஸ்டருக்கு வந்து நானே சரிசெய்து, உன்னையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அதுவரை பென்டிரைவ் உன் பையிலேயே இருக்கட்டும். யாரிடமும் கொடுக்காதே. அது உன்னிடம் இருக்கிறது என்றால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது. அவர் இன்னும் ஸ்டாஃப் ரூமில் உன் பக்கத்தில்தான் உட்காருகிறாரா?

உன் ஜோபி


பள்ளிவாசல்
8 பிப்ரவரி

அத்தானுக்கு,

நேற்று பென்டிரைவை வீட்டில் மறந்துவிட்டேன். பிள்ளைகள் மாதிரித் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்திருந்தார்கள், எனக்கு லேப்டாப் திறக்கவில்லை. சந்தீப் சார் வாசலில் நின்று "என்னா டீச்சரே, நான் பாக்கட்டா?" என்றார். உங்கள் முகம் நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்றேன். வகுப்பு வீணாகப் போயிற்று.

வீட்டுக்கு வந்து, பென்டிரைவைப் போட்டுத் திறந்து, எதற்கு என்ன பெயர் என்று பார்த்தேன். எஸ்டிஏ என் டிஸ்க் இல்லை, உங்கள் பென்டிரைவ். நிரல் அதில் போய் உட்கார்ந்திருக்கிறது. சரியான பெயர் போட்டுக் கடைசி வரியை மறுபடி தட்டினேன். அவ்வளவுதான் வேலை.

முதலில் எழுதியது கைத்தவறு. அது யாருக்கும் வரும். ஆனால் கம்பெனியில் நாள் முழுக்க இதே வேலை பார்க்கிறவருக்கு, நான் கேட்டவுடனே விளங்கியிருக்கும். ஒரு வரி எழுதினால் போதும். எழுதாமல், பையில் வைத்துக்கொள் என்றீர்கள். நானும் வைத்துக்கொண்டேனே, அதுதான் தாங்கவில்லை.

அந்த வீட்டை வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். நான் ஹெச்.எம்.மிடம் எதுவும் சொல்லப்போவதில்லை.

பென்டிரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். லேப்டாப் அது இல்லாமலே திறக்கிறது.

ஷிஜி