பார்த்துக்கொள்ள நின்றவன்

இறுப்பிட்டி,
புங்குடுதீவு.
14.07.2025

அன்பு மகள் நிலாந்திக்கு,

நீயும் மருமகன் பிரவீனனும் பேரனும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று பிள்ளையாருக்கு விளக்கு வைத்துவிட்டு வந்து இதை எழுதத் தொடங்குகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. அம்மாவுக்குச் சீனி வருத்தம் கட்டுக்குள் இருக்கிறது, என் முழங்கால் நோவு பழையபடிதான், கிணறு உவராகிவிட்டது, பவுசர் லொறியில் தண்ணீர் கிழமைக்கு இரண்டு தரம் வருகிறது. ரெலிபோன் இருக்க அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல என்னால் ஏலாது பிள்ளை. இரண்டு தரம் முயன்று இரண்டு தரமும் மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்தேன். லீவில் வந்து நிற்கிற இந்துஜா ஞாயிற்றுக்கிழமை சுவிசுக்குத் திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

மாசி மாதத்திலிருந்து நீ உன் தம்பி சுஜிதனோடு கதைப்பதில்லை. உனக்கு அறிவில்லையோ, ஆள் நிக்குதோ எண்டு பாக்காமலோ ட்ரோனை விட்டனீ என்று அன்றைக்குக் கத்தினாய், அந்தக் கண்ணாடியை வாங்கி அனுப்பின கையை வெட்டவேணும் என்று அழுதாய். அவன் ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லவில்லை. சொல்வதற்கு அவனிடம் பதில் இருந்தது. என்னை நினைத்து விழுங்கிக்கொண்டான்.

நீ பொங்கலுக்கு அனுப்பிய கண்ணாடி எப்படிப்பட்டது என்று உனக்கு வடிவாகத் தெரியாது என்று நினைக்கிறேன். பார்க்க ஒரு சின்னப் பெட்டி, கண்ணை முழுக்க மூடிக்கொள்ளும். அதைப் போட்டவனுக்குத் தான் நிற்கிற இடம் தெரியாது, தன் கால் தெரியாது, பறக்கிற ட்ரோனின் கமரா எதைப் பார்க்கிறதோ அது மட்டும்தான் தெரியும். அதனால் பக்கத்தில் ஒரு ஆள் வெறுங்கண்ணோடு நிற்க வேண்டும், யாராவது குறுக்கே வந்தால் நில் என்று சொல்ல வேண்டும். அந்த வேலை என்னுடையது. அப்பா நிக்காமல் நான் ஒருநாளும் எழுப்பமாட்டன் என்று அவன் எல்லோரிடமும் சொல்வான், எனக்கும் அது பெருமையாக இருந்தது. நீ புதியதை அனுப்பியதால் அவனுடைய பழைய கண்ணாடி சும்மா கிடந்தது, அதிலும் அதே படம் தெரியும். ஒருநாள் சாட்டிக் கடற்கரையில் என்னைக் கதிரையில் இருத்தி அதைப் போட்டுவிட்டான், அன்றைக்கு எங்களைப் பார்த்துக்கொள்ள அவனுடைய சிநேகிதன் டெனிஸ்ரன் நின்றான். முதலில் தலை சுற்றியது. பிறகு, பிள்ளை, ஒழுங்கையின் மூலை வரைக்கும் நடக்க ஏலாத நான் சவுக்க மரங்களுக்கு மேலாகப் போய்க் கடலுக்குள் இறங்கி அலை முகத்தில் அடிக்கிற மாதிரி வந்து திரும்பினேன். அன்றைக்குப் பிடித்த ஆசை.

மாசி பதினொன்று, காலை எட்டரை மணி இருக்கும். லண்டனில் இருக்கிற வல்லிபுரத்தாரின் பிள்ளைகள், படுக்கையில் கிடக்கிற தங்கள் தாய்க்குக் காட்டவென்று இங்கே இடிந்து கிடக்கிற அவர்களின் வீட்டைப் படம் எடுத்துத் தரச் சொல்லியிருந்தார்கள். ட்ரோன் முன்வாசலால் நுழைந்து அறை அறையாகப் போய்ப் பின்பக்கத்துக் குசினி யன்னலால் வெளியே வர வேண்டும், அதுதான் ஒழுங்கு. சுஜிதன் முன்பக்கம் வேப்ப மரத்தடியில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருந்தான். நான் பக்கத்து மதிலோடு நின்றேன், அங்கிருந்தால் முன்னும் பின்னும் தெரியும். ஒருதரம் சுற்றிப் பார்த்தேன், ஒருவருமில்லை. அவன் ட்ரோனை எழுப்பினான். பழைய கண்ணாடி என் தோளில் தொங்கிய பையில் இருந்தது. வீட்டுக்குள்ளே போகிறதை மட்டும் ஒருக்கால் பார்த்துவிட்டுக் கழற்றிவிடலாம் என்று எடுத்து மாட்டினேன். அவனுக்குச் சொல்லவில்லை. உள்ளே கூரை விழுந்து வெயில் அடித்தது, சுவரில் ஆலங்கன்று முளைத்திருந்தது, நான் அறைக்கு அறை மிதந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் அவன், அப்பா, பின்பக்கம் ஆரும் நிக்கினமோ என்று கேட்டான். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். ஒருத்தருமில்லை, விடு என்றேன்.

குசினி யன்னல் வந்தது, அதற்குள் ஒரு பெண்ணின் முகம் வந்தது. கோசலா. தையல் வேலை செய்கிற, பின்வளவுக் கோசலா. அவளுடைய கண்கள் என் கண்களுக்கு முன்னால் அவ்வளவு பெரிதாக விரிந்ததைப் பார்த்தேன், பிறகு படம் கறுத்துவிட்டது. சத்தம் அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது. நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமா, கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தது. அதற்குப் பிறகுதான் நொண்டி நொண்டி ஓடினேன்.

அவளுடைய வலது கண்ணைக் காப்பாற்ற ஏலாமல் போய்விட்டது என்பது உனக்குத் தெரியும். பொலிசார் வந்து கேட்டபோது, ஒருவரும் பக்கத்தில் நிற்கவில்லை, நான் தனியத்தான் விட்டனான், அப்பா வீட்டில் இருந்தவர் என்று தம்பி சொன்னான். அப்பா கவனிக்காமல் விட்டுவிட்டார், இந்த வயதில் அவரை வழக்குக்கு இழுக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறான். கண்ணாடி விசயம் அவனுக்குத் தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை. ஊர் அவனை ஏசியது, கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கக் கூப்பிட்டவர்கள் வேண்டாம் என்றார்கள், நீயும் கதைக்காமல் விட்டாய். நான் மூன்று வேளையும் சாப்பிட்டேன். நாலு மாதம், பிள்ளை.

ஆனி மாதம் கோயில் பொங்கலுக்குப் போனபோது கோசலாவின் மகள் கஜனியைக் கண்டேன். பள்ளிக்கூடம் போகமுன்னர் தாய்க்குப் பத்து ஊசியில் நூல் கோர்த்து வைத்துவிட்டுத்தான் போகிறாளாம். ஒற்றைக் கண்ணோடு ஊசித் துளை பிடிபடுகிறதில்லையாம். அவள் குறையாகச் சொல்லவில்லை, நான் சுகம் கேட்டதற்குச் சொன்னாள். அதற்கு மேல் என்னால் கோயிலுக்குள் போக ஏலவில்லை. நேரே கோசலா வீட்டுக்குப் போனேன். கதிரை தந்தாள், நான் இருக்கவில்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் மெசினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள், அண்ணை, நான் உங்களைக் கண்டனான். ஆடு அந்த வீட்டுக்குள்ளை பூந்திட்டுது, பிடிக்கப் போகவோ எண்டு உங்களைப் பாத்துக் கை காட்டினனான், நீங்கள் என்ரை பக்கம் பாத்துத் தலையாட்டினீங்கள், அதுதான் யன்னலடிக்குப் போனனான் என்றாள். முகத்திலை என்னவோ போட்டிருந்தீங்கள், அதுக்குள்ளாலை என்னைத் தெரியுது எண்டெல்லோ நினைச்சன் என்றாள். நான் தலையாட்டியிருப்பேன். உள்ளே பறந்துகொண்டு, நல்லாய் இருக்கிறது என்று தலையாட்டியிருப்பேன். இதை ஏன் பொலிசுக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்களாய்ச் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான் என்றாள். நான் அழுதேன். அவள் அழவில்லை. இனிப் போங்கோ அண்ணை, எனக்கு வெளிச்சம் இருக்கிற நேரத்துக்குள்ளை தைக்கவேணும் என்றாள்.

அடுத்த நாள் பொலிசுக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தேன். வழக்கில் இப்போது என் பெயரும் இருக்கிறது, ஆவணி இருபத்தோராம் திகதி நீதிமன்றத் தவணை. பொய் சொன்னதற்குத் தம்பிக்கும் கேள்வி இருக்கும் என்கிறார்கள். அம்மா இரண்டு நாள் படுத்தே கிடந்தாள், பிறகு எழும்பிச் சமைத்தாள், அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தம்பிக்கு நானே சொன்னேன். நான் கேட்டனான் அப்பா, கேட்டுத்தானே விட்டனான் என்று ஒரே ஒருதரம் சொன்னான். அதற்குப் பிறகு என்னோடு கதைப்பதில்லை. கோசலாவைக் கிளினிக்குக்கு மோட்டார்சைக்கிளில் ஏற்றி இறக்குகிறான், பின்வளவு வேலியை அடைத்துக் கொடுத்தான். நானும் வரட்டோ என்று கேட்டேன், காதில் விழாத மாதிரிப் போய்விட்டான். அவனில் பிழை இல்லை.

நீ அவனுக்கு ரெலிபோன் எடுத்துக் கதை. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே எடு, ஏசினதற்கு மன்னிப்புக் கேள், அவன் அழுதால் அழவிடு. என்னை மன்னிக்கச் சொல்லி அவனிடம் கேட்காதே, எனக்காக ஒரு சொல்லும் கதைக்காதே. கண்ணாடி அனுப்பியதில் உன் குற்றம் ஏதுமில்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு நித்திரையைக் கெடுக்காதே. பேரனுக்குச் சளி என்றாய், தலையை நன்றாகத் துவட்டிவிடு. தவணைக்கு வருகிறேன் என்று பிளேன் ரிக்கற் போட வேண்டாம், நான் தனியே போய்க்கொள்வேன். நல்லூரானும் எங்கள் பிள்ளையாரும் உன் குடும்பத்தைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
சி. அரியநாயகம்