பச்சைக் கோபுரத்தின் கீழே

ஸ்ட்ரெதம், லண்டன்
மே 1991

அன்புள்ள தவநாயகி,

நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. குளிரும் குறைந்துவிட்டது.

புது வேலை கிடைத்திருக்கிறது. இங்கே வருகிறவர்கள் எல்லாரும் படம் எடுக்கும் ஆற்றங்கரைக் கோபுரத்தின் சுவர் முழுக்க, ஒரு விழாவுக்காகச் சேறு பூசிப் புல் வளர்க்கிறார்கள். அதற்குத் தண்ணீர் அடிப்பது என் வேலை. நீ பார்த்தால் சிரிப்பாய்.

நேற்றுக் கீழே நின்று தண்ணீர் அடிக்கும்போது, "தில்லையம்பலம் மாஸ்டரெல்லே?" என்று ஒரு குரல். என்னோடு படிப்பித்த சந்திரவதனா ரீச்சர், தன் மகனுடன் நின்றார். என் உடம்பெல்லாம் சேறு. "நானில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லித் திரும்பிக்கொண்டேன்.

"அவரெண்டுதான் நினைச்சன்," என்று ரீச்சர் மகனிடம் சொன்னது கேட்டது. "நான் ஊரிலையிருந்து வெளிக்கிடேக்கை தவநாயகி வந்து, அவரைக் கண்டால் ஒண்டு சொல்லுங்கோ எண்டு அழுதவ."

அதற்குப் பிறகு கூப்பிட வாய் வரவில்லை. அவர்கள் போகும்வரை வெட்கத்தில் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கை வெடித்திருக்கிறது, யாராவது இங்கே வந்தால் கொஞ்சம் வேப்பெண்ணெய் கொடுத்துவிடு. வேலைக்கு நேரமாகிறது. ரீச்சரிடம் எனக்கு என்ன சொல்லிவிட்டாய்? அதை எழுது.

உன்
தில்லையம்பலம்