நீ அனுப்பிய எஞ்சினை நிறுத்திவிட்டேன்

பழவேற்காடு
9-6-1957

அன்பு மகன் அசன் முகைதீனுக்கு வாப்பா ஜலாலுதீன் சலாம் சொல்லி எழுதுவது. பினாங்கில் நீ உடல் நலத்தோடு இருக்க அல்லாஹ்வை வேண்டுகிறோம். இங்கே உன் உம்மாவும் நானும் இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை. பக்கத்து வீட்டுக் குல்சும் சென்ற வெள்ளிக்கிழமை மௌத்தாகிவிட்டாள். நீ பிறந்தபோது உம்மா ஜன்னி கண்டு நாற்பது நாள் கிடந்ததும், குல்சும்தான் தன் பிள்ளையோடு உனக்கும் பால் கொடுத்ததும் உனக்குச் சொல்லியிருக்கிறோம். நான்கு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். தந்தி கொடுக்கலாம் என்று உம்மா சொன்னாள், நான்தான் வேண்டாம் என்றேன். இது தந்தியில் அடங்குகிற சேதி இல்லை.

போன வருஷம் நீ ஆசையாக அனுப்பிய எஞ்சின் பம்பைப் பற்றி நான் உனக்கு முழுதாக எழுதவே இல்லை. நம் தெரு ஊற்று உனக்குத் தெரியும். மழைத் தண்ணீர் மணலுக்குள் ஓர் ஆள் மட்டத்துக்குத்தான் நிற்கிறது, அதற்குக் கீழே எல்லாம் உப்பு. அதனால்தான் வீட்டுக்கு இரண்டு குடம், அதுவும் கொட்டாங்கச்சியால் மொண்டு, மத்தியான லுஹர் பாங்கு சொல்லிவிட்டால் சாயங்கால அஸர் வரை யாரும் குடம் இறக்காமல் ஊற விடுவது. கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்து, அதே நீர் ஊறும் நம் கொல்லைக் கிணற்றில் எஞ்சினை மாட்டிய மெக்கானிக் தணிகாசலம், மாடுன்னா இளைக்கும் பாய், இது நீ கிருஷ்ணாயில் ஊத்துற வரிக்கும் இழுத்துக்கினே கெடக்கும் என்றான். எனக்கு அந்தப் பேச்சு இனித்தது. கொல்லையில் அறுபது தென்னங்கன்று வைத்தேன், சிமெண்டுத் தொட்டி கட்டினேன், தொட்டி வழிந்தாலும் எழுந்துபோய் நிறுத்தச் சோம்பல். லுஹருக்கும் அஸருக்கும் நடுவில் கூட ஓடியது. குல்சும் வேலியோரம் வந்து நின்று, இன்னா அண்ணே, ஊத்து கொஞ்சம் மூச்சு வுட வாணாமா, நாங்க குடிக்கறதில்லியா என்று கேட்டாள். அவன் உனக்கும் பிள்ளைதானே, பிள்ளை அனுப்பியதற்குப் பெருமைப்படாமல் குறை சொல்கிறாயே என்று சிரித்து அனுப்பிவிட்டேன்.

மாசிக் கடைசியில் டீயில் பால் திரிய ஆரம்பித்தது. பால்காரன் பச்சையப்பனை நடுத்தெருவில் வைத்துத் திட்டினேன். மத்த ஊட்ல எல்லாம் டீ நல்லாத்தான் கீது பாய், ஒன் தண்ணிய வாயில ஊத்திப் பாரு என்றான். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது மகனே. தெரிந்தும், கன்றுகள் வாடிவிடுமே என்று இன்னும் பன்னிரண்டு நாள் ஓட்டினேன். அதற்குள் தெரு ஊற்றும் கரித்துவிட்டது. இப்போது பொன்னேரிப் பக்கத்திலிருந்து வாரம் இரண்டு தடவை மாட்டு வண்டியில் பீப்பாய்த் தண்ணீர் வருகிறது, அதற்குப் பெண்கள் அடித்துக்கொள்கிறார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சலாம் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வண்டி அச்சு முறிந்து வரவில்லை. குல்சும் தண்ணீர் தண்ணீர் என்று அரற்றினாள். தெருவில் எந்த வீட்டிலும் ஒரு மடக்கு நல்ல தண்ணீர் இல்லை. உம்மா நம் தொட்டித் தண்ணீரைக் கொண்டுபோய் வாயில் விட்டிருக்கிறாள். துப்பிவிட்டு, இன்னா மரியம், எனக்குக் கடல் தண்ணியா குடுக்கிற என்று கேட்டாளாம். அப்புறம் வாய் திறக்கவில்லை. உனக்குப் பால் கொடுத்தவளுக்குக் கடைசியில் நான் கொடுத்தது இதுதான். பாவம் உன்னுடையது இல்லை, ஓட்டியவன் நான்.

எஞ்சினைச் சாக்குப் போட்டு மூடிவிட்டேன். ஆரம்பாக்கத்தில் நெல் பயிரிடுகிற ஒருவர் விலைக்குக் கேட்டார், கொடுக்கப் பயமாக இருக்கிறது. தென்னங்கன்றுகளும் பட்டுப்போயின. இன்னும் இருபது அடி இறக்கக் குழாய் வாங்கி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய், அனுப்பாதே. ஆழத்தில் இருப்பதும் உப்புத்தான். இரண்டு மூன்று மழைக்காலம் நன்றாகப் பெய்தால் ஊற்று தேறலாம் என்கிறார்கள், தேறாமலும் போகலாம். அங்கே உனக்குத் திருப்பினால் குழாயில் வருகிறது, கை கழுவி முடித்ததும் மூடு.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. உம்மா துஆ சொல்லச் சொன்னாள். குல்சுமுக்காக மறக்காமல் யாசீன் ஓது, அவளுக்கு நீயும் பிள்ளை. நான் ஓதலாம் என்று கை கால் கழுவி ஒளுச் செய்யப் போனால் வாய் கொப்பளிக்கிற தண்ணீர் கரிக்கிறது, ஓத உட்கார முடியவில்லை.

இப்படிக்கு
உன் வாப்பா
ஜலாலுதீன்